தண்ணீர்ப் பானை நிறைந்தே திரும்பினால்

என் மகனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று வழக்கம்போலத்தான் தொடங்கினேன். எழுதிவிட்டுப் பார்த்தால் எனக்கே எரிச்சலாக வந்தது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். உன் கடிதத்தை உன் சித்தி கொண்டுவந்து கொடுத்தாள். உப்பளத்தில் மேஸ்திரி வேலை கிடைத்த சந்தோஷத்தில் உன் எழுத்தெல்லாம் குதித்துக்கொண்டிருந்தது. நானும் சிரித்துக்கொண்டேதான் படித்துவந்தேன். நடுவில் ஒரு இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. "என்கிட்ட வேலை செய்யற பொம்பளைங்க மாதிரி மரக்காணத்துல எந்த அளத்துலயும் கிடையாதும்மா. காலையில பாத்தியில எறங்கினா சாயங்காலம் வரைக்கும் அந்த எடத்தை விட்டு நகர மாட்டாங்க. வெச்ச தண்ணிப் பானை வெச்ச மாதிரியே நெறைஞ்சு திரும்பி வருது. முதலாளி என் முதுகுல தட்டிக் கொடுத்தாரு" என்று எழுதியிருந்தாய். அதற்கு அடுத்த வரியிலேயே உன் பெண்டாட்டியைப் பற்றி எழுதியிருந்தாய். "பிலோமினாவும் தினம் வேலைக்கு வர்றா. கல்யாணத்துக்கு அப்புறம் முகம் நல்லா பூரிச்சுப் போயிருக்குது, பார்த்தா உனக்கு அடையாளமே தெரியாது. அப்பப்ப சாயங்காலத்துல குளிர் காய்ச்சல் வருது, இடுப்பு வலிக்குதுன்னு சுருண்டு படுத்துக்கறா. புதுசு இல்லையா, பழகிடும்." நீ பெருமையாக எழுதிய இந்த வரிகளைப் படித்துவிட்டுத்தான் இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கினேன், ராசா.

நான் இப்போது எழுதப்போவதை நம் ஊரில் எந்தத் தாயும் மகனிடம் சொன்னதில்லை. பெண்டாட்டிகூடப் புருஷனிடம் சொல்வதில்லை. படிக்கும்போது உன் காது சிவக்கும். பாதியில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றும். டேய், மடிக்காதே. உன்னைப் பெற்று, கால் கழுவிவிட்டு வளர்த்தவளுக்கு உன்னிடம் என்ன வெட்கம் வேண்டிக்கிடக்கிறது? வாயால் சொல்லச் சொன்னால் என்னாலும் முடியாதுதான். அதனால்தான் எழுதுகிறேன். கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்கு எட்டாவது வரை சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் படிப்பு இதுவரை மளிகைச் சாமான் எழுதத்தான் பயன்பட்டது. இன்றைக்காவது உருப்படியான ஒன்றுக்குப் பயன்படட்டும்.

நீ தினமும் அளத்து வரப்பில்தான் நிற்கிறாய். ஒருநாள் நின்ற இடத்திலிருந்து நான்கு பக்கமும் திரும்பிப் பார். என்ன தெரிகிறது? பாத்தி, அதற்கப்பால் பாத்தி, அதற்கப்பால் உப்பு அம்பாரம், அதற்கப்பால் கால்வாய்க்கரை. ஆள் உயரத்துக்கு ஒரு செடி இல்லை. சவுக்குத் தோப்பு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கிறதே தவிர, நடந்து போய்த் திரும்புகிற தூரத்தில் இல்லை. லாரி நிற்கிறது, லாரிக்காரர்கள் நிற்கிறார்கள், மூட்டை பிடிக்கிறவர்கள் நிற்கிறார்கள், நீ நிற்கிறாய். உங்களுக்கு என்ன, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு கால்வாய்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தால் வேலை முடிந்தது. பெண்கள் எங்கே போய் ஒதுங்குவார்கள் என்று ஒருநாளாவது யோசித்திருக்கிறாயா? உங்க அப்பாவும் யோசித்ததில்லை. அவரும் அதே வரப்பில் மேஸ்திரியாக நின்றவர்தான், தங்கமான மனுஷன்தான். யாராவது சொன்னால்தானே யோசிப்பார்!

எங்கேயும் ஒதுங்குவதில்லை. அதுதான் பதில். இருட்டோடு இருட்டாக வீட்டுப் பக்கத்தில் போய்விட்டு அளத்துக்கு வருவார்கள். மறுபடியும் இருட்டின பிறகுதான். நடுவில் ஒரு பொழுது முழுவதும், தலைக்கு மேலே வெயில், காலுக்குக் கீழே உப்புத்தண்ணீர், வெள்ளை உப்பிலிருந்து முகத்தில் அடிக்கிற சூடு. அத்தனையையும் தாங்கிக்கொண்டு அவர்கள் செய்கிற ஒரே தந்திரம், தண்ணீர் குடிக்காமல் இருப்பது. குடித்தால்தானே வரும்! வீட்டிலிருந்து கிளம்பும்போதே புளியில் ஒரு துணுக்கைக் கிள்ளி வாயில் அடக்கிக்கொள்வோம். நாக்கு ஒட்டிக்கொண்டால் அதைச் சப்பிக்கொள்வது. இதை யாரும் யாருக்கும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. வேலைக்கு வந்த முதல் நாளிலேயே பக்கத்தில் இருப்பவளைப் பார்த்துப் பழகிவிடும். பழகியவளை நாங்கள் 'தாங்குறவ' என்போம். அளத்தில் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கிற பெரிய பட்டம் அதுதான். "எங்க வீட்டுக்கு வர்ற பொண்ணு தாங்குவாளா?" என்று சம்பந்தம் பேசும்போதே கேட்கிற வீடுகள் உண்டு. நீ என்னவோ உன் மேஸ்திரித்தனத்தின் சாமர்த்தியத்தால் அந்தப் பானை நிறைந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்!

இன்னொன்றும் சொல்கிறேன். நீ பார்த்தும் பார்க்காத ஒன்று. நீர்க்கடுப்பு வந்தால் கால் கட்டைவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவிக்கொள்வது நம் பக்கத்து வழக்கம். எரிச்சல் அடங்கும் என்பார்கள். அடங்குகிறதோ இல்லையோ, எங்கள் காலத்தில் அளத்துக்குப் போன பெண்களில் சுண்ணாம்பு தடவாத கால் குறைவு. வெற்றிலைப் பெட்டி வைத்திருக்கிறவளிடம் ஒருத்தி போய்க் காலை நீட்டுவாள். அவள் ஒன்றும் கேட்காமல் ஒரு இழுப்பு இழுத்துவிடுவாள். ஒரு ஆம்பளைக்குக்கூட அது தெரியாது. உப்புப் பூத்து வெளுத்துப்போன காலில் சுண்ணாம்பு எங்கே தெரியப்போகிறது?

உனக்கு லூர்து அத்தையை ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. உங்க அப்பாவின் தங்கச்சி. உன்னை இடுப்பை விட்டு இறக்கமாட்டாள். ஓயாத வாய். பூசைக்குப் போனால்கூடப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளைச் சிரிக்க வைத்துவிட்டு, தான் மட்டும் ஒன்றும் தெரியாதவள் மாதிரி ஜெபமாலையை உருட்டுவாள். கல்யாணம் ஆன பிறகும் எங்களோடு அதே அளத்தில்தான் வேலை. உங்க அப்பா அளத்தில் இல்லாத ஒருநாள், தாங்கமுடியாமல் அம்பாரத்துக்குப் பின்பக்கம் போனாள். அந்நேரம் பார்த்து லாரி மேலே நின்றிருந்த இரண்டு பேர் அவளைப் பார்த்துவிட்டு, "ஏம்பா, அங்க புதுசா பாத்தி கட்டறாங்க போல!" என்று கத்திச் சிரித்தார்கள். கீழே இருந்தவர்களும் சிரித்தார்கள். லூர்து திரும்பி வந்தபோது அவள் முகத்தை நான் பார்த்தேன். அந்த ஓயாத வாய் அன்று சாயங்காலம் வரை திறக்கவே இல்லை. வீட்டுக்கு வருகிற வழியில், "அண்ணி, இனிமே உசுரே போனாலும் நான் எழுந்திரிக்க மாட்டேன்" என்றாள். அப்படியேதான் செய்தாள்.

அதன் பிறகு அவளை மிஞ்சின தாங்குறவ அளத்தில் யாரும் இல்லை. பெரியவர்கள் எல்லாம் புகழ்ந்தார்கள். கொஞ்ச நாளில் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்தாள். அப்புறம் சாயங்காலமானால் உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிற மாதிரி குளிர் வரும். விடிந்தால் ஒன்றும் இருக்காது, எழுந்து வேலைக்கு வந்துவிடுவாள். இடுப்பில் ஒரு பக்கமாகக் கையை ஊன்றிக்கொண்டு உப்பு வாருவாள். "என்னடி?" என்றால், "தூக்குன கூடை பெருசு அண்ணி" என்பாள். இதற்குள் குழந்தை உண்டாகியிருந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். அவள் முகம் பூரித்துக்கொண்டே வந்தது. பார்த்தவர்கள் எல்லாம் கன்னத்தைக் கிள்ளி, "புள்ளத்தாச்சி களை வந்துடுச்சுடி உனக்கு" என்றார்கள். நானும் சொன்னேன். கண்ணுக்குக் கீழே தண்ணீர் கோத்த மாதிரி இருந்ததையும், காலில் அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நின்றதையும் களை என்றுதான் நினைத்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தபோது, "அண்ணி, தலை பொளக்குது, கண்ணுல ஏதோ புகை மாதிரி தெரியுது" என்றாள். வெயில் என்று சொல்லி முந்தானையைத் தலையில் போட்டுவிட்டேன். வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் கண் மேலே சொருகிவிட்டது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. ஜன்னி என்றார்கள் சிலர். சுடுகாட்டுப் பக்கம் போயிருப்பாள், காற்றுக் கருப்பு அடித்துவிட்டது என்றார்கள் சிலர். பங்குச் சாமியார் வந்து மந்திரித்த தண்ணீர் தெளித்தார். வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் அவளைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வி இதுதான்: "எத்தனை நாளா மூஞ்சி வீங்கியிருக்குது? யாருமே பார்க்கலையா?" நாங்கள் எல்லாரும் பார்த்தோம், பார்த்துச் சந்தோஷப்பட்டோம். இதை எப்படி அவரிடம் சொல்வது? அவளும் இல்லை, வயிற்றிலிருந்ததும் இல்லை.

உங்க அப்பா சாகிற வரைக்கும் தங்கச்சி காய்ச்சலில் போய்விட்டாள் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தார். லாரிக்காரர்கள் சிரித்ததை அவரிடம் யாரும் சொல்லவில்லை. சுண்ணாம்பைச் சொல்லவில்லை. சொல்வதற்கு எங்களிடம் வார்த்தை இல்லை. அந்தத் துக்கம் முடிந்து நாங்கள் மறுபடியும் அதே அளத்துக்குப் போனோம், அதே புளியை வாயில் அடக்கிக்கொண்டோம். அவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் ஒரு ஓலைத் தட்டி கட்டியிருப்பார். அவ்வளவுதான் தேவைப்பட்டது, ஒரு ஓலைத் தட்டி.

இனி என்னைப் பற்றிச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நான் பொம்மையார்பாளையத்தில் உன் சித்தி வீட்டில் ஓய்வாக இருக்கிறேன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான்தான் அப்படிச் சொல்லிவிட்டு வந்தேன். நான் இருப்பது பாண்டிச்சேரியில், ஆஸ்பத்திரியில். இந்தக் கடிதத்தைக் கட்டிலில் சாய்ந்துகொண்டுதான் எழுதுகிறேன். இரண்டு கிட்னியும் சுருங்கிப் போய்விட்டதாம். பழைய வியாதி, இப்போது முற்றிவிட்டது என்கிறார்கள். சித்தி தினமும் கஞ்சி கொண்டுவருகிறாள், உப்பில்லாமல். உப்பு விளைகிற ஊர்க்காரிக்கு உப்பு கூடாதாம், கேட்டாயா! அதையாவது சகித்துக்கொள்ளலாம். தண்ணீரையும் அளந்துதான் கொடுக்கிறார்கள். உடம்பில் நீர் தங்கிவிடுகிறதாம், அதிகம் குடித்தால் மூச்சு முட்டுமாம். ஒரு டம்ளரை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் நாக்கை நனைத்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் குழாய் இருக்கிறது, கதவு வைத்த கக்கூஸ் இருக்கிறது, குடிக்கத்தான் கூடாது. குடித்திருக்கவேண்டிய வயசில் குடிக்காமல் தாங்கினேன், இப்போது தாகத்தில் சாகிறேன். அழுகையாக வருகிறது, ராசா. வேறு யாரிடம் சொல்வேன்?

இங்கே ஒரு நர்ஸம்மா இருக்கிறாள், சின்னப் பெண். எந்த ஊர், என்ன வேலை என்று விசாரித்தாள். மரக்காணம், உப்பளம் என்றதும் என் கால் கட்டைவிரலைத்தான் முதலில் பார்த்தாள். "அங்கேருந்து வர்றவங்க எல்லாரும் இதே மாதிரிதாம்மா வர்றாங்க. கடைசியிலதான் வர்றாங்க" என்றாள். வார்டு சுவரில் தண்ணீர் குடிக்கச் சொல்லிப் படம் போட்டு ஒட்டியிருக்கிறது. "அதை ஒட்டியாச்சு, ஊர் ஊராப் போய்ப் பேசியும் பார்த்தாச்சு. தலையை ஆட்டிட்டுப் போயிடறாங்க. நாங்க சொன்னா பாடம். நீங்க சொன்னா வேறம்மா. எழுதப் படிக்கத் தெரியுமில்ல? உங்க பையனுக்கு எழுதுங்க" என்று தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்தவள் அவள்தான். எனக்குக் கோபம்தான் வந்தது. "எதைம்மா எழுதச் சொல்றே, என் மானத்தையா?" என்று கேட்டேன். அவள் பேனாவைத் தாளின் மேல் எடுத்துவைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். அடுத்த நாள்தான் உன் கடிதம் வந்தது.

அதனால் கேட்டுக்கொள். பானை நிறைந்து திரும்பினால் இனிமேல் நீ பயப்படவேண்டும். அது காலியாகத் திரும்புகிறதா என்று பார். அதுதான் உன் மேஸ்திரித்தனத்துக்கு அழகு. வரப்பு முடிகிற மேட்டில், லாரி நிற்கிற இடத்துக்குக் கண்படாத பக்கமாக, ஆள் உயரத்துக்கு ஓலைத் தட்டி கட்டு. நாலு மூங்கிலும் கொஞ்சம் கீற்றும் போதும். குழி வெட்டி, மூடுவதற்கு மண் குவித்து வை, பக்கத்தில் ஒரு தொட்டியில் தண்ணீர் ஊற்றி வை. எதற்கு என்று பெண்களிடம் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்காதே, அவர்களுக்குப் புரியும். நீ நாலு பேர் முன்னால் விளக்கினால் ஒருத்தியும் அந்தப் பக்கம் போகமாட்டாள். ஆம்பளைகளிடம்தான் நீ பேசவேண்டும். யாராவது சிரித்தால், அவன் எவ்வளவு நல்ல வேலைக்காரனாக இருந்தாலும் சரி, அன்றைக்கே அவனை அளத்தை விட்டு அனுப்பு. கூச்சமாக இருந்தால் இந்தக் கடிதத்தையே படித்துக் காட்டு. என் மானம் போனால் போகட்டும், லூர்து பெயரைச் சொன்னாலும் பரவாயில்லை. முதலாளி முணுமுணுப்பார். வேலை நேரம் வீணாகிறது என்பார். முணுமுணுக்கட்டும். அவர் வீட்டுப் பெண்களை ஒருநாள் இந்த வெயிலில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்.

இதெல்லாம் அப்புறம் செய்யலாம். இப்போது பிலோமினா. அவள் பிரம்மதேசம் கிராமத்துப் பெண். வயல் வேலை செய்து வளர்ந்தவள். அங்கே வரப்போரத்தில் ஒரு புதராவது இருக்கும், கிணற்று மேடாவது இருக்கும். நம் அளத்துக்கு வந்த பிறகுதான் அவள் இதைக் கற்றுக்கொண்டிருப்பாள். அதுவும் மேஸ்திரியின் பெண்டாட்டி. மற்றவர்களை விட அதிகம் தாங்கிக் காட்டவேண்டும் என்று நினைப்பாள். நீ முதலாளியிடம் வாங்கின பாராட்டில் அவள் பங்கு எவ்வளவு என்று யோசித்துப் பார். முகம் பூரித்திருக்கிறது என்கிறாய். காலையில் எழுந்ததும் அந்த முகத்தை வெளிச்சத்தில் பார். கண்ணுக்குக் கீழே வீங்கியிருக்கிறதா? கணுக்காலில் விரலை வைத்து அழுத்து. குழி விழுந்து நிற்கிறதா? கால் கட்டைவிரல் நகத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவிப் பார், உப்புக்கு அடியில் சுண்ணாம்பு தெரிகிறதா? குழந்தை உண்டாகியிருக்கிறதா என்று கேள், உன்னிடம் சொல்லியிருக்கமாட்டாள். தலைவலிக்கிறது, கண்ணில் புகை தெரிகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால், டேய், நீ இந்தக் கடிதத்தை முடிக்காமலே கிளம்பு. அவள், "எனக்கு ஒண்ணும் இல்லீங்க, வெயில்தான்" என்பாள். நம்பாதே. லூர்துவும் அதைத்தான் சொன்னாள். நாட்டு வைத்தியம் பார்க்காதே. வேண்டுதலை முடித்துவிட்டுப் போகலாம் என்று காத்திராதே. தண்ணீரைக் குடித்தால் சரியாகிவிடும் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளவும் செய்யாதே. வீக்கம் வந்துவிட்டால் அதை டாக்டர்தான் பார்க்கவேண்டும்.

நான் ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன் என்று படித்ததும் நீ என்ன செய்வாய்? உன்னை எனக்குத் தெரியாதா? சட்டையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடத்தான் பார்ப்பாய். "நீ அளத்தைப் பாத்துக்கோ, நான் அம்மாவைப் பாத்துட்டு வந்துடறேன்" என்று அவளிடம் சொல்வாய். அவளும், "போய்ட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்" என்பாள். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்று உன்னை வழியனுப்புவாள். அதை மட்டும் செய்துவிடாதே. எனக்கு இனி ஆகவேண்டியது ஒன்றும் இல்லை, நீ ஒரு நாள் பிந்தி வந்தாலும் நான் இங்கேதான் இருப்பேன். இல்லாமல் போனாலும் உன்னைக் குறை சொல்லமாட்டேன். நீ மட்டும் தனியாக வந்து என் கட்டில் பக்கத்தில் நின்றாயானால், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். அவளைக் கூட்டிக்கொண்டு வா. வந்ததும் என்னிடம் வராதே, முதலில் அவளை டாக்டரிடம் காட்டு. அவர் அவளைப் பார்த்து முடித்த பிறகு என்னைப் பார்க்கலாம்.

அம்மா